லண்டனைப் பார்க்க டூட்டிங்கில் தங்குங்கள்!

லண்டன் போவதென்று முடிவெடுத்ததும் நம்மவர்கள் முதலில் தேடுவது, பிக் பென்னுக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டல். விசா கட்டணம், விமான டிக்கெட் எல்லாம் கையைக் கடித்த பிறகு, அந்த ஓட்டல் வாடகையைப் பார்க்கும்போது பகீரென்கிறது. நாலு பேர் குடும்பத்துக்கு இரண்டு அறை எடுக்கவேண்டும். அந்த அறையிலும் கட்டிலைச் சுற்றிப் பெட்டியைத் திறந்து வைக்க இடமிருக்காது. பத்து நாள் ஆசைப்பட்டவர்கள் ஐந்து நாளாகச் சுருக்கிக்கொள்கிறார்கள். ஐந்து நாளில் லண்டனைப் பார்ப்பது என்பது ஓட்டமும் நடையுமாகப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவதுதான்.

என்னைக் கேட்டால், ஊருக்கு நடுவில் தங்கவே வேண்டாம். லண்டன்வாசிகள் எங்கே குடியிருக்கிறார்களோ அங்கே ஒரு வீடோ, வீட்டில் ஒரு பகுதியோ எடுத்துத் தங்குங்கள். காலையில் அவர்களோடு ரயிலேறிப் போய்ச் சுற்றிவிட்டு, மாலையில் அவர்களோடு வீடு திரும்புங்கள். செலவு குறையும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. ஊரைப் பார்க்கும் விதமே மாறிவிடும்.

ஒரு கணக்கு பாருங்கள். பெருநகர லண்டனின் பரப்பு 1,572 சதுர கிலோமீட்டர். 2021 கணக்கெடுப்பின்படி அங்கே வாழ்பவர்கள் சுமார் 88 லட்சம் பேர். போக்குவரத்துத் துறை அந்த ஊரை வளையம் வளையமாக மண்டலங்களாகப் பிரித்திருக்கிறது. அரண்மனை, நாடாளுமன்றம், மியூசியம் என்று நாம் பார்க்கத் துடிக்கும் பெரும்பாலான இடங்கள் நடுவிலிருக்கும் முதல் மண்டலத்தில் அடங்கிவிடும். மனிதர்களில் பெரும்பாலோர் வாழ்வது அதற்கு வெளியே, இரண்டு முதல் ஆறு வரையுள்ள மண்டலங்களில். முதல் மண்டலத்திலேயே தங்கிவிட்டு ஊர் திரும்பியவர் லண்டனின் கட்டடங்களைப் பார்த்திருப்பார். அதில் வாழும் மக்களை எங்கே பார்த்திருக்கப் போகிறார்?

தண்டவாளம் போட்ட பிறகு வந்த ஊர்கள்

லண்டன் புறநகர்களுக்கு ஒரு தனிக்குணம் உண்டு. அவற்றில் பல, ரயிலும் டிராமும் வந்ததால் பிறந்தவை. உலகின் முதல் சுரங்க ரயில் 1863 ஜனவரியில் பேடிங்டனுக்கும் ஃபாரிங்டனுக்கும் இடையே ஓடியது. அதை ஓட்டிய மெட்ரோபாலிட்டன் ரயில்வே, பின்னாளில் வெம்பிளி, ஹாரோ பக்கம் தண்டவாளத்தை நீட்டியது. ‘நகரத்தில் வேலை, பசுமையில் வீடு’ என்று ஆசைகாட்டி, 1915 முதல் ‘மெட்ரோலேண்ட்’ என்ற பெயரில் கையேடுகளே அச்சிட்டு விற்றது. வயல்களாக இருந்த இடங்களில் ஓட்டுக்கூரை வீடுகள் வரிசை வரிசையாக எழுந்தன. வீட்டை விட்டுக் காலையில் கிளம்பி, நகருக்குள் போய், மாலையில் திரும்புவதற்கென்றே திட்டமிட்ட ஊர்கள் இவை. சுற்றிப்பார்க்கப் போகிறவருக்கும் அதே தேவைதானே?

இத்தனை புறநகர்களில் நான் எடுத்துக்கொள்வது தென் லண்டனில் உள்ள டூட்டிங். 1903 மே மாதம் லண்டன் கவுன்டி கவுன்சிலின் முதல் மின்சார டிராம் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்திலிருந்து இந்த ஊருக்குத்தான் வந்தது. வேல்ஸ் இளவரசர் தொடங்கிவைத்தார். அதே கவுன்சில், உழைக்கும் மக்களுக்காகத் தன் முதல் தோட்ட வீட்டுக் குடியிருப்பை இதே காலத்தில் இங்கே டாட்டர்டவுன் ஃபீல்ட்ஸில் கட்டியது. சிறு முன்தோட்டமும் செங்கல் சுவருமாக அந்த வீடுகள் இன்றும் குடியிருப்பாகவே இருக்கின்றன. 1926 செப்டம்பரில் சுரங்க ரயில் வந்தது. டூட்டிங் பெக், டூட்டிங் பிராட்வே என்று இரண்டு ஸ்டேஷன்கள். இரண்டையும் வடிவமைத்தவர் சார்ல்ஸ் ஹோல்டன். வெள்ளை போர்ட்லண்ட் கல் முகப்பும், நடுவில் கண்ணாடியில் பதித்த வட்டச் சின்னமுமாக, தெருமுனையில் கம்பீரமாக நிற்கின்றன. பிராட்வே ஸ்டேஷன் வாசலில் ஏழாம் எட்வர்ட் மன்னரின் சிலை. யாரையாவது சந்திக்கவேண்டுமென்றால் ‘சிலைக்குக் கீழே நில்’ என்று சொன்னால் போதும்.

நார்தர்ன் லைன் என்ற கறுப்புக் கோடு

தங்கும் இடத்தை வரைபடத்தில் தூரம் அளந்து தேர்ந்தெடுக்கிறோமே, அங்கேதான் தப்பு. எந்த ரயில், எத்தனை முறை மாறவேண்டும், ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு எவ்வளவு நடை — பார்க்கவேண்டியது இந்த மூன்றைத்தான். தூரத்தில் பக்கமாக இருந்தும் இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய ஊர், மூன்று மடங்கு தள்ளியிருந்தும் ஒரே ரயிலில் போய்விடும் ஊரைவிட மோசம்.

டூட்டிங்கை நார்தர்ன் லைன் தொட்டுச் செல்கிறது. ரயில் வரைபடத்தில் கறுப்பு நிறக் கோடு. மூன்றாம் மண்டலம். இந்தக் கோடு கென்னிங்டனில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று பேங்க் வழி, இன்னொன்று சேரிங் கிராஸ் வழி. டூட்டிங் பக்கமிருந்து போகும் பெரும்பாலான ரயில்கள் பேங்க் வழியில் செல்பவை. அதில் உட்கார்ந்தபடியே லண்டன் பிரிட்ஜில் இறங்கினால் பரோ மார்க்கெட்டும், தேம்ஸ் கரையோரமாக நடந்தால் டவர் பாலமும் வந்துவிடும். அடுத்த ஸ்டேஷனான பேங்க்கில் இறங்கினால் செயின்ட் பால் தேவாலயம் நடை தூரம். இது ஒரு முழு நாளுக்குப் போதும்.

இன்னொரு நாள் கென்னிங்டனில் இறங்கி, அதே தளத்தில் நாலடி நடந்து சேரிங் கிராஸ் வழி ரயிலில் ஏறுங்கள். வாட்டர்லூ, எம்பேங்க்மென்ட், சேரிங் கிராஸ், லெஸ்டர் ஸ்கொயர், டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு என்று வரிசையாக வரும். லண்டன் ஐ ராட்டினம், டிரஃபால்கர் சதுக்கம், நேஷனல் கேலரி, நாடக அரங்குகள், பிரிட்டிஷ் மியூசியம் எல்லாம் இந்த ஐந்து நிறுத்தங்களைச் சுற்றித்தான். சவுத் கென்சிங்டன் மியூசியங்களுக்கு ஸ்டாக்வெல்லில் விக்டோரியா லைன் மாறி, விக்டோரியாவில் இன்னொரு முறை மாறவேண்டும். டூட்டிங்கிலிருந்து நகர நடுவுக்கு அரை மணி நேரப் பயணம்.

மியூசியங்களைப் பற்றி ஒரு வார்த்தை. பிரிட்டிஷ் மியூசியம், நேஷனல் கேலரி, விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம் மூன்றிலும் நிரந்தரக் காட்சிகளுக்குக் கட்டணம் கிடையாது. பிரிட்டிஷ் மியூசியத்தில் சோழர் கால நடராஜர் இருக்கிறார். அமராவதிச் சிற்பங்கள் தனி அறையில் இருக்கின்றன. விக்டோரியா ஆல்பர்ட்டில் திப்பு சுல்தானின் மரப்புலி. இவற்றை ஒரே நாளில் பார்த்து முடிக்க நினைப்பது பாவம். இலவசம் என்பதால் இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு வெளியே வந்து, இரண்டு நாள் கழித்து மறுபடி போகலாம். அதற்கு நாள் வேண்டும். நாள் வேண்டுமென்றால் தங்கும் செலவு குறையவேண்டும். புறநகரில் தங்குங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு முக்கியமான காரணம் இதுதான்.

நார்தர்ன் லைன் பாதையே ஒரு சரித்திரப் பாடம். டூட்டிங் பெக்கை அடுத்து வரும் பேலம் ஸ்டேஷன் 1940 அக்டோபரில் குண்டு விழுந்து சிதைந்தது. பாதுகாப்புக்காகக் கீழே படுத்திருந்தவர்களில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்கடுத்த கிளாப்பம் சவுத்தில், போர்க்காலத்தில் தோண்டிய ஆழமான பதுங்குகுழி இருக்கிறது. 1948இல் ‘எம்பயர் விண்ட்ரஷ்’ கப்பலில் கரீபியத் தீவுகளிலிருந்து வந்தவர்களில் இருநூறுக்கும் மேற்பட்டோரை முதலில் தங்கவைத்தது அந்தக் குழியில்தான். பக்கத்திலிருந்த வேலைவாய்ப்பு அலுவலகம் பிரிக்ஸ்டனில் என்பதால் அவர்கள் அங்கே போய் வேரூன்றினார்கள். பிரிக்ஸ்டன் கறுப்பின மக்களின் ஊரான கதை அப்படித் தொடங்கியது.

எம்பேங்க்மென்ட் வந்ததும் வடக்கு நோக்கிச் செல்லும் பிளாட்ஃபாரத்தில் ஒரு நிமிடம் நின்று கேளுங்கள். ‘இடைவெளியைக் கவனியுங்கள்’ என்று எச்சரிக்கும் ஆண்குரல் ஒன்று ஒலிக்கும். மற்ற ஸ்டேஷன்களின் அறிவிப்புக் குரல் அல்ல அது. ஆஸ்வால்ட் லாரன்ஸ் என்ற நடிகர் பல்லாண்டுகளுக்கு முன் பதிவுசெய்து கொடுத்தது. அவர் இறந்த பிறகு அவருடைய மனைவி அந்தக் குரலைக் கேட்பதற்காகவே இங்கே வந்து உட்கார்ந்திருப்பாராம். கருவிகளை மாற்றியபோது குரல் காணாமல் போனது. அவர் கேட்டுக்கொண்டதன்பேரில், 2013இல் இந்த ஒரு பிளாட்ஃபாரத்துக்கு மட்டும் அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். டாக்ஸியில் போகிறவர்கள் காதில் இது விழாது.

கார்டைத் தட்டும் கலை

டிக்கெட் வாங்க வரிசையில் நிற்கும் வேலை இல்லை. வங்கிக் கார்டையோ, பயணத்துக்கென்றே விற்கும் ஆய்ஸ்டர் கார்டையோ நுழைவாயிலின் மஞ்சள் வட்டத்தில் தட்டினால் கதவு திறக்கும். இறங்கும் இடத்திலும் தட்டவேண்டும். மறந்தால் அதிகபட்சக் கட்டணத்தைப் பிடித்துவிடுவார்கள். பஸ்ஸில் ஏறும்போது மட்டும் தட்டினால் போதும். பஸ்ஸில் ரொக்கம் வாங்குவதை 2014லேயே நிறுத்திவிட்டார்கள்.

ஒருவருக்கு ஒரு கார்டு என்பது கண்டிப்பு. கணவர் கார்டைத் தட்டி மனைவியையும் அழைத்துப்போக முடியாது. அதைவிட முக்கியம், காலையில் பிளாஸ்டிக் கார்டைத் தட்டிவிட்டு மாலையில் அதே கார்டைச் செல்போனில் வைத்துத் தட்டக்கூடாது. கருவிக்கு அவை இரண்டு வேறு கார்டுகள். ஒரே கார்டாகப் பயன்படுத்தினால் ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் பிடிக்கமாட்டோம் என்று ஓர் உச்சவரம்பு இருக்கிறது. திங்கள் முதல் ஞாயிறு வரை வார உச்சவரம்பும் உண்டு. மாற்றி மாற்றித் தட்டினால் இரண்டும் கைநழுவும். பதினொரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பெரியவர்களோடு போகும்போது சுரங்க ரயிலில் கட்டணமில்லை.

வார நாட்களில் காலை 6.30 முதல் 9.30 வரை, மாலை 4 முதல் 7 வரை நெரிசல் நேரக் கட்டணம். காலை ஒன்பதரைக்கு மேல் நிதானமாகக் கிளம்பினால் பணமும் மிச்சம், உட்கார இடமும் கிடைக்கும். மாலையில் தேம்ஸ் கரையில் ஏழு மணி வரை உலாவிவிட்டு ஏறுங்கள். ஜூன் மாதமென்றால் ஒன்பது மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும். வெள்ளி, சனி இரவுகளில் நார்தர்ன் லைன் டூட்டிங் வழியாக இரவு முழுதும் ஓடுகிறது. மற்ற நாட்களில் நாடகம் பார்த்துவிட்டுக் கடைசி ரயிலைப் பிடிப்பதில் கவனம் வேண்டும். வாரக் கடைசிகளில் பராமரிப்புக்காகச் சில பாதைகளை மூடிவிடுவார்கள். வெள்ளிக்கிழமையே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

மாலையில் திரும்பி வர ஓர் ஊர்

டூட்டிங்கை நான் தேர்ந்தெடுத்ததற்கு ரயில் பாதிக் காரணம். மீதிப் பாதி அந்தக் கடைத்தெரு.

அப்பர் டூட்டிங் ரோட்டில் நடந்தால் மூக்கு முதலில் வேலை செய்யும். கேரளக்காரர்கள் உணவகம், பாகிஸ்தானியர்களின் கபாப் கடை, தமிழ்நாட்டு தோசை, யாழ்ப்பாணத்துக் கொத்து ரொட்டி என்று ஒரே தெருவில் அடுத்தடுத்து. இரும்புத் தட்டில் கொத்துகிற ‘டக டக’ சத்தம் தெருவரைக்கும் கேட்கும். 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள் குடியமர்ந்த லண்டன் பகுதிகளில் டூட்டிங்கும் ஒன்று. மளிகைக்கடை வாசலில் முருங்கைக்காயும் மரவள்ளிக்கிழங்கும் அடுக்கியிருக்கும். “வாங்கோ அக்கா, என்ன வேணும்?” என்று கேட்கும்போது வெளிநாட்டில் இருக்கிற பதற்றம் வடிந்துவிடும். மாவு, சம்பல், இடியப்பம், பிட்டு எல்லாம் பொட்டலத்தில் கிடைக்கும். தெருவிலேயே சிவயோகம் முத்துமாரி அம்மன் கோயில். வெள்ளிக்கிழமை மாலை கூட்டத்தைப் பார்த்தால் எந்தக் கண்டத்தில் இருக்கிறோம் என்ற சந்தேகமே வரும்.

ஆனால் நம் சாப்பாடும் நம் கோயிலும் இருக்கிறது என்பதற்காக மட்டும் டூட்டிங் போகவேண்டாம். 1930களிலிருந்து இயங்கும் இரண்டு கூரையிட்ட சந்தைகள் அங்கே உண்டு. குறுகலான நடைபாதையின் இருபுறமும் துணிக்கடை, மீன்கடை, தையல்காரர், கரீபிய உணவு, புதிதாக வந்த காபிக் கடை. ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் தள்ளி 1931இல் கட்டிய கிரானடா திரையரங்கம். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணக் கட்டடம். உள்ளே கோதிக் தேவாலயம் போலத் தூண்களும் வளைவுகளும் கண்ணாடி மண்டபமும். நாட்டின் மிக உயர்ந்த பாதுகாப்புத் தகுதி பெற்ற திரையரங்கம் அது. படம் காட்டுவதை நிறுத்தி, பல காலமாக பிங்கோ ஆட்டம் நடக்கிறது. டூட்டிங் பெக் புல்வெளி ஓரத்தில் 1906இல் திறந்த நீச்சல்குளம் ஒன்று, சுமார் 90 மீட்டர் நீளம். கோடையில் பொதுமக்கள் நீந்தலாம். லண்டன் மேயர் சாதிக் கான் டூட்டிங்கில் பிறந்தவர், பஸ் டிரைவரின் மகன், மேயராவதற்கு முன் இந்தத் தொகுதியின் எம்.பி. ஒரு மணி நேரத்துக்குள் பஸ் மாறினாலும் ஒரே கட்டணம் என்ற திட்டத்தை 2016இல் கொண்டுவந்தவர் அவர்தான்.

ஒரு நாள் பயணத்தை பஸ்ஸில் தொடங்கலாம். பிராட்வேயில் 57ஆம் நம்பர் மாடி பஸ் ஏறி, மேல்தளத்தில் முன் சீட்டைப் பிடித்தால் விம்பிள்டன். அங்கே டிஸ்ட்ரிக்ட் லைன் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் ஈஸ்ட் புட்னி. கணித மேதை ராமானுஜன் உடல்நலம் குன்றி புட்னியில் காலினெட் ரோட்டில் இருந்த ஒரு மருத்துவ இல்லத்தில்தான் இருந்தார். பார்க்க வந்த கணிதவியலாளர் ஹார்டி, தான் வந்த டாக்ஸியின் எண் 1729 சுவாரசியமில்லாதது என்றாராம். இல்லை, இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு விதங்களில் எழுதக்கூடிய மிகச்சிறிய எண் அது என்றார் ராமானுஜன். உலகம் முழுதும் கணித மாணவர்கள் சொல்லிக்கொள்ளும் அந்த உரையாடல் நடந்தது, இப்படி அமைதியான ஒரு புறநகர்த் தெருவில். கும்பகோணத்துப் பையன் இங்கிலாந்தில் இருந்த கடைசி நாட்களில் நடமாடிய தெருவை நம் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டாமா?

வீடு எடுத்தால் வீட்டு ஒழுங்கு

சமையலறையுடன் வீடு கிடைப்பது வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் பெரிய நிம்மதி. காலையில் ரசம் சாதம் கட்டி எடுத்துக்கொண்டு கிளம்பினால் மியூசியம் வாசல் படிக்கட்டிலோ பூங்காவிலோ சாப்பிடலாம். ஒரு எச்சரிக்கை: அங்கே கூரையில் புகை அலாரம் இருக்கும். கடுகும் காய்ந்த மிளகாயும் எண்ணெயில் பொரிந்த கணமே அது அலறும். தாளிக்கும் முன் அடுப்புக்கு மேலிருக்கும் புகைபோக்கியைப் போட்டு, ஜன்னலைத் திறந்துவிடுங்கள். அலாரத்தைக் கழற்றி வைக்கவே கூடாது.

அந்தப் பழைய வீடுகள் பக்கத்துக்குப் பக்கம் ஒட்டிக் கட்டியவை. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். நள்ளிரவில் பெட்டியை மரப்படியில் இழுத்தால் அடுத்த வீட்டுக் குழந்தை எழுந்துவிடும். எந்தக் குப்பை எந்தத் தொட்டியில், எந்த நாளில் வாசலில் வைப்பது என்பதை வீட்டுக்காரரிடம் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு நியாயமும் இருக்கிறது. சுற்றுலாப் பயணிகளுக்கு விட்டால் அதிகப் பணம் வருகிறதென்று வீடுகளையெல்லாம் அப்படியே மாற்றிவிட்டால், அந்த ஊர்க்காரர்கள் எங்கே குடியிருப்பது? லண்டனில் வாடகை ஏற்கெனவே மூச்சுமுட்ட வைக்கிறது. அதனால் ஒரு முழு வீட்டைத் தனி அனுமதி இல்லாமல் வருடத்துக்கு 90 இரவுகளுக்கு மேல் குறுகிய கால வாடகைக்கு விடக்கூடாது என்று அங்கே சட்டம் இருக்கிறது. வருடம் முழுதும் பயணிகளுக்கென்றே பூட்டிவைத்த வீட்டைவிட, வீட்டுக்காரர் தானும் குடியிருந்து மாடியறையை வாடகைக்கு விடும் வீட்டை நான் விரும்புகிறேன். அதில் இன்னொரு லாபம், அந்த ஊரைப் பற்றி வாய்வழியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஓர் ஆள் கிடைப்பார்.

எல்லோருக்கும் டூட்டிங் சரிப்படாது என்பதையும் சொல்லிவிடவேண்டும். அங்குள்ள இரண்டு சுரங்க ஸ்டேஷன்களிலும் லிஃப்ட் இல்லை. முழங்கால் வலியுள்ள பெற்றோரை அழைத்துப்போகிறவர்கள் எலிசபெத் லைன் ஓடும் ஊர்களைப் பாருங்கள். 2022 மே மாதம் திறந்த அந்தப் பாதையில் எல்லா ஸ்டேஷன்களிலும் தெருவிலிருந்து பிளாட்ஃபாரம் வரை படியேறாமல் போகலாம். மேற்கே ஈலிங், ஹீத்ரூ விமான நிலையத்திலிருந்து மாறாமல் வந்துவிடலாம். வெஸ்ட் ஈலிங்கில் கனகதுர்க்கை அம்மன் கோயில் இருக்கிறது, ஆகஸ்டில் தேர் ஓடும். கிழக்கே மேனர் பார்க், நடந்து போகும் தூரத்தில் ஈஸ்ட் ஹாம் கடைத்தெருவும் கருங்கல்லில் எழுப்பிய முருகன் கோயிலும். இரண்டு மூன்று நாள் மட்டுமே தங்கப்போகிறவர்கள், ரயிலில் போகும் நேரத்தை இழக்க முடியாதவர்கள், பணத்தைக் கொடுத்து நடுவிலேயே தங்குவதுதான் சரி. புறநகரில் தங்கினால் மதியம் அறைக்கு வந்து ஒரு தூக்கம் போட்டுவிட்டு மறுபடி போவதெல்லாம் நடக்காது. காலையில் கிளம்பினால் இரவுதான் வீடு.

ஒரு வாரமோ அதற்கு மேலோ லண்டனில் இருக்கப்போகிறீர்கள் என்றால் தயங்கவேண்டாம், புறநகர்தான். முன்பணம் கட்டுவதற்கு முன் வீட்டுக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: வாசலிலிருந்து ஸ்டேஷனுக்கு எத்தனை நிமிட நடை? பத்து நிமிடத்துக்கு மேல் என்றால், வாடகை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேறு வீடு பாருங்கள்.